முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தீங்களா?



நோம்பி வந்தா சென்னை, பெங்களூர்ல இருக்கிற சொந்தக்காரப் பசங்க எல்லாம் ஊருக்கு வருவாங்க. வந்ததும் வாசல்ல நிக்கிற என் வண்டியைப் பார்த்து ஒரு சிரிப்பு. 2009ல் வாங்கின ஸ்ப்ளெண்டர் பிளஸ். டேங்கு மேல உர மூட்டை உரசி உரசிப் பெயின்ட் போய், தகரம் தெரியுது. சீட்டு உறை மூணாவது. பின்னால கேரியர்ல மாட்டுக்கு அறுத்த புல்லோட சாறு காய்ஞ்சு கெடக்கும். "இன்னும் இதையேதான் ஓட்டறீங்களா மாமா? எப்படித்தான் ஓடுது?"ம்பாங்க.

ஆயில் மாத்தறேன், செயினுக்கு எண்ணெய் விடறேன், அதெல்லாம் எல்லாரும் பண்றதுதான். அதோட, வருசத்துக்கு ரெண்டு தடவை முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வெச்சு ஆட்டிப் பார்ப்பேன்னு சொன்னா, "அது எதுக்கு?"ன்னு கேக்கறாங்க. லட்ச ரூவாய்க்கு மேல போட்டு வண்டி வாங்கின பசங்க. அதுல ஒருத்தன் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

அந்த "அது எதுக்கு?"க்குத்தான் இன்னைக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வீட்டுல பைக் வெச்சிருக்கிற ஆம்பளையோ பொம்பளையோ, முன் சக்கரத்தைப் பத்திரமாத் தூக்கவும், தூக்கினப்புறம் என்ன பார்க்கணும்னும் தெரிஞ்சு வெச்சிருக்கணும். இதுதான் என் கட்சி. ரிப்பேர் பண்ணத் தெரியணும்னு சொல்லலை. அதுக்கு மெக்கானிக் இருக்கார்.

எங்க அப்பா காலத்துல மாட்டு வண்டி இருந்துச்சு. மஞ்சள் ஏத்திக்கிட்டு ஈரோட்டுக்குப் போறதுக்கு முந்தின நாள் பொழுதோட, வண்டிக்கு மை போடாம அவர் படுக்க மாட்டார். வைக்கோலை எரிச்ச கரியை விளக்கெண்ணெயில் குழைச்சா அதுதான் வண்டி மை. அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை இழுத்து, குடத்துக்குள்ள விரலை விட்டுத் துழாவுவார். எங்கே தேய்ஞ்சிருக்குன்னு அந்த விரல் சொல்லும். என் வேலை முட்டு நகராமப் பார்த்துக்கறது. வாயைத் திறந்துக்கிட்டு அவர் கையையே பார்த்துட்டு இருப்பேன். "கண்ணு முட்டு மேல இருக்கட்டும்டா, என் மேல வேண்டாம்"னு சத்தம் போடுவார். அந்தக் காலமே சொர்க்கம்னு சொல்ல வரலைங்க. அந்த மாடுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா சக்கரத்தைக் கழட்டிப் பார்க்காம எவனும் சுமை ஏத்தினது இல்லை.

இன்னைக்கு அந்த மாட்டு வண்டிச் சுமையை எல்லாம் பைக்தான் இழுக்குது. எங்க தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துக்கு ஒரு நாள் விடிகாலையில் வந்து பாருங்க. பக்கத்துக்கு ஒண்ணா நாப்பது லிட்டர் கேன் ரெண்டைக் கட்டிக்கிட்டுப் பால்காரர் போவார். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ. மூட்டையை டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல போட்டுக்கிட்டு, கால் ரெண்டையும் அகட்டி வெச்சு ஒருத்தர் வருவார். வாழைத்தார், கரும்புச் சோகை, கன்னுக்குட்டி, எல்லாத்தையும் இந்த நூறு சிசி வண்டி சுமக்குது. ரோடு எப்படின்னு சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கா மேட்டுல ஒரு குழி, வேகத்தடைன்னு சொல்லி ஊர்க்காரங்களே கொட்டி வெச்ச ஒரு குட்டிச் சுவரு, அப்புறம் இன்னொரு குழி.

ஒவ்வொரு குழிக்கும் அடி வாங்கறது எது? முன் சக்கரம். அந்த அடி ஃபோர்க் வழியா மேல ஏறிப் போய் உட்கார்ற இடம், ஹேண்டில் பாருக்குக் கீழ இருக்கிற கோன் செட். மேல ஒரு கிண்ணம், கீழ ஒரு கிண்ணம், நடுவுல சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். சில வண்டிக்குக் குண்டுக்குப் பதிலா உருளை. ஹேண்டில் திரும்பறதே அது மேலதான். பிரேக் பிடிச்சா வண்டியோட பாரம் முன்னால சாயுது இல்லீங்களா, அதுவும் அங்கேதான் வந்து இறங்குது. ஆனா வெளியே கண்ணுக்குத் தெரியாது. பின் சக்கரம் அப்படி இல்லை. டபுள் ஸ்டாண்டு போட்டாலே பின் சக்கரம் தானா மேல வந்துரும், நாமளும் சுத்திப் பார்ப்போம், செயினைப் பார்ப்போம். முன் சக்கரம் மட்டும் வாங்கின நாள்ல இருந்து தரையிலயே நிக்குது. தரையில நிக்கிற வரைக்கும் அதோட ஆட்டம் வெளியே தெரியாது. பாரம் அழுத்திப் பிடிச்சிருக்கும்.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரலைங்க. என் தம்பிதான் சொல்லித் தந்தான், காரை எலும்பை உடைச்சுக்கிட்டு.

நாலு வருசத்துக்கு முன்னால, தை மாசம். மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருக்கு. ஆள் கிடைக்காத நேரம். தம்பி காலையில சொசைட்டிக்குப் பால் கொண்டு போறவன். ஒரு நாள் களத்துக்கு வந்து நின்னுக்கிட்டு, "அண்ணா, பிரேக் பிடிச்சா முன்னால டொக்கு டொக்குங்குது. கொஞ்சம் பாருங்களேன்"ன்னான். வண்டியைத் தொட்டுப் பார்க்கிறதுல எனக்குக் கொஞ்சம் கை பழக்கம் உண்டுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் குனிஞ்ச தலை நிமிராம, "சர்வீஸ் விட்டு இருபது நாள்தானடா ஆச்சு? வெட்டு முடியட்டும், பார்க்கலாம்"னு சொன்னேன்.

நாலாம் நாள் விடிகாலை, வாய்க்கா மேட்டு வளைவுல விழுந்துட்டான். பால் பூரா மண்ணுல. அவன் வாய்க்காலுக்குள்ள போகாதது அவங்க அம்மா செஞ்ச புண்ணியம். அம்மான்னா எனக்கும் அம்மாதான். ஆனா அன்னைக்கு அவ முகத்தை என்னால பார்க்க முடியலை.

கோன் செட்டுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வளைவுல மண் கொட்டிக் கெடந்துச்சு, பனி வேற. ஆனா அவன் வண்டியை டெம்போவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து, முன்னால தூக்கி வெச்சு ஃபோர்க்கைப் பிடிச்சு ஆட்டினேன். ஒரு நெல்லு மணி அளவுக்கு ஆட்டம். ஹேண்டிலைத் திருப்பினா நடு மத்தியில வந்து கடக்குன்னு குழியில விழுந்த மாதிரி உட்காருது. இருபது நாளைக்கு முன்னால டவுன்ல ஒரு பெரிய இடத்துல சர்வீஸ் பண்ணின வண்டி அது. பில்லுல பதினோரு வரி இருந்துச்சு. வாட்டர் வாஷ் இருந்துச்சு, பாலிஷ் இருந்துச்சு. முன் சக்கரத்தைத் தூக்கினாங்களான்னு கேட்டா, அங்கே இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

ஆறு வாரம் அவன் மாடுகளுக்கு நானும் என் வீட்டுக்காரியும்தான் பால் கறந்தோம். அவன் ஒரு வார்த்தை என்னைச் சொல்லலை. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னையிலிருந்து ஆடிப் பட்டத்துக்கு முன்னால ஒரு தடவை, தை பிறக்கறதுக்கு முன்னால ஒரு தடவைன்னு எங்க ரெண்டு வீட்டு வண்டியையும் தூக்கிப் பார்க்கறது வழக்கமாயிருச்சு. நீங்களும் பாருங்கன்னு சொன்னா, அடுத்த கேள்வி எப்படித் தூக்கறதுன்னுதான் வரும். இங்கேதான் நம்ம ஆளுங்க செய்யற கூத்தைப் பார்க்கணும். அதுல முதல் கூத்தாடி நானே.

முதல் தடவை என் வண்டியைத் தூக்கினப்போ, கட்டுத்தறிக்குப் பக்கத்துல கெடந்த ஹாலோ பிளாக் ரெண்டை எடுத்தேன். வீடு கட்டறதுக்குத் தாங்குது, வண்டியைத் தாங்காதான்னு ஒரு நினைப்பு. எஞ்சினுக்கு அடியில ஒண்ணைப் படுக்கப் போட்டு, அது மேல இன்னொண்ணு. சக்கரம் அழகா மேல வந்துச்சு. அச்சு நட்டைக் கழட்டலாம்னு ஸ்பேனரை மாட்டி ஒரு எத்து எத்தினேன். மேல இருந்த பிளாக் பொரி மாதிரி உதிர்ந்து போச்சு. சுவத்துல வெச்சா பாரம் பரவி நிக்கும். ஒரே முனையில பாரம் இறங்கினா சொல்லாமக் கொள்ளாம உடையும். வண்டி இடது பக்கம் சாய்ஞ்சு, கிளட்ச் லீவர் முறிஞ்சு, என் நடுவிரல் நகம் போச்சு. என் வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்துட்டு, "ஏனுங்க, முட்டுக் கொடுக்கத் தெரியாதவரா நீங்க?"ன்னு கேட்டா. அப்பா கேட்ட மாதிரியே இருந்துச்சு. நகம் வளர்ந்துருச்சு. கொஞ்சம் கோணலா.

அந்த எத்துலயே ரெண்டாவது தப்பும் இருக்கு. இறுகிக் கெடக்கிற நட்டைச் சக்கரத்தைத் தூக்கின பிறகு கழட்டக் கூடாது. வண்டி தரையில ரெண்டு கால் ஊனி நிக்கும்போதே அரைச் சுத்து தளர்த்தி விட்டுட்டு, அப்புறம் தூக்கணும். மாட்டும்போதும் அப்படித்தான், கடைசி இறுக்கு சக்கரம் தரையில வந்த பிறகு. தூக்கி வெச்ச வண்டி மேல பலத்தைக் காட்டறது, ஏணி உச்சியில நின்னுக்கிட்டு மரத்தை வெட்டற மாதிரி.

இப்ப நான் செய்யறதைச் சொல்றேன். தரை கெட்டியாவும் சமமாவும் இருக்கணும். மண் தரையில ஸ்டாண்டு இறங்கும், அதனால வாசல் சிமென்ட்டுலதான் செய்யறது. வண்டியை டபுள் ஸ்டாண்டு போட்டுருவேன். வண்டி முன்னால நகர்ந்தா ஸ்டாண்டு மடங்கிரும். அது தெரியாம விழுந்த வண்டிகள் எங்க ஊர்லயே மூணு. அதனால ஸ்டாண்டுக் காலை ஒரு கயித்தால முன்பக்கம் பிரேமோட இழுத்துக் கட்டிருவேன், பின்னால மடங்காது. அப்புறம் என் வீட்டுக்காரி பின் கேரியரைப் பிடிச்சு அழுத்துவா. அவளுக்கு அது பெரிய வேலை இல்லை. ஸ்டாண்டு நடுவுல இருக்கறதால பின்னால கொஞ்சம் அமுக்கினாலே முன்னால எந்திரிச்சுரும், ஏத்தம் இறைக்கிற மாதிரி. சக்கரம் மூணு விரல் கடை மேல வந்ததும், எஞ்சினுக்கு அடியில் வேலங்கட்டையைத் தள்ளிருவேன். அகலமான கட்டை, மேல பழைய டயர்த் துண்டு ஒண்ணை ஆணி அடிச்சு வெச்சிருக்கேன், வழுக்காது. அவ்வளவுதான். நூத்துப் பத்து கிலோ பக்கம் வர்ற வண்டியை ஒரு பொம்பளையும் ஒரு கட்டையும் தூக்கி நிறுத்தியாச்சு.

கட்டையை எங்கே வெக்கறோம்ங்கிறதுல கவனம் வேணும். என் வண்டிக்கு எஞ்சினைத் தாங்கற பிரேம் பைப் அடியில ஓடுது, அதுல முட்டுக் கொடுக்கலாம். இப்ப வர்ற நிறைய வண்டிக்கு அடியில பைப்பே இருக்காது, எஞ்சினே பிரேமோட ஒரு பாகம். அப்படிப்பட்டதுக்கு அகலப் பலகை வெச்சுப் பாரத்தைப் பரப்பணும். ஆயில் வடிக்கிற போல்ட்டு மேலயோ, சைலன்சர் வளைவுக் குழாய் மேலயோ முட்டு போகவே கூடாது. போல்ட்டு நசுங்கினா ஆயில் பூரா வாசல்ல ஓடும். கார்ல வர்ற மடக்கு ஜாக்கி இருந்தா அதுவும் உதவும், மேல பலகை ஒண்ணு வெச்சுக்கிட்டா. ஆனா ஜாக்கி தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்குக் கட்டை கட்டாயம் வேணும்.

சிலர் சாளை விட்டத்துல கயிறு போட்டு ஹேண்டிலைக் கட்டித் தொங்க விடுவாங்க. பார்க்க வசதியாத் தெரியும். ஹேண்டில் பாரைக் கட்டினா அது திரும்பும், கயிறு நழுவும். கீழ இருக்கிற டீயில கட்டினா பரவாயில்லை, சக்கரத்தைக் கழட்டிப் பஞ்சர் பார்க்கலாம். ஆனா கோன் செட்டைப் பார்க்க அது ஆகாது. கடையில விக்கிற, ஃபோர்க்கு அடியில கொடுத்துத் தூக்கற ஸ்டாண்டும் அப்படித்தான். எந்த மூட்டுல ஆட்டம் பார்க்கணுமோ அந்த மூட்டு மேலயே வண்டியைத் தொங்க விட்டா ஆட்டம் எப்படித் தெரியும்? கால் வலிக்குதுன்னு வந்தவனை நிக்க வெச்சே முழங்காலை ஆட்டிப் பார்க்கிற மாதிரி. எஞ்சினுக்கு அடியில முட்டு இருக்கணும், முன்பக்கம் பூரா சும்மா தொங்கணும்.

தொங்கவிட்டாச்சு. இப்ப ஹேண்டிலை நடுவுல வெச்சு ஒரு விரலால லேசாத் தட்டி விடுங்க. தன் பாரத்துலயே ஒரு பக்கமாப் போய்ச் சேரணும். இன்னொரு பக்கமும் அப்படியே. கேபிள் இழுத்துப் பிடிச்சா கொஞ்சம் தயங்கும், அது வேற. நடுவுல வந்து கடக்குன்னு நின்னா, குண்டு உட்கார்ந்து உட்கார்ந்து கிண்ணத்துல குழி விழுந்துருச்சுன்னு அர்த்தம். நேரா ஓட்டும்போது அந்தக் குழிதான் வண்டியை நம்ம பேச்சைக் கேட்க விடாமப் பண்றது. அடுத்து சக்கரத்துக்கு முன்னால உட்கார்ந்து, ஃபோர்க் ரெண்டு காலோட அடியையும் பிடிச்சு முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்க. கூட ஒருத்தர் மேல கோன் இருக்கிற இடத்துல விரலை வெச்சுக்கிட்டா ஆட்டம் அவருக்குத் தெரியும். எங்க வீட்டுல அந்த விரல் என் வீட்டுக்காரியோடது. "இருக்குதுங்க", "இல்லீங்க", அவ்வளவுதான் சொல்லுவா. இதுவரைக்கும் அவ தீர்ப்பு தப்பினது இல்லை.

அப்புறம் டயரைப் பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா வீல் பேரிங் தெரியும். சுத்தி விட்டா ரிம் கோணல் தெரியும், பிரேக் எங்கேயாவது உரசினா ஒரே இடத்துல சரக் சரக்குன்னு கேக்கும். கம்பி வீலா இருந்தா ஸ்பேனரால ஒவ்வொரு கம்பியா மெல்லத் தட்டுங்க. இறுக்கமா இருக்கிறது டிங்குன்னும், தொளதொளப்பா இருக்கிறது டொக்குன்னும் சொல்லும். முத்தின தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கற கைதானே, அது போதும். டயர்ல வேலிக்காத்தான் முள்ளு பாதி முறிஞ்சு உள்ள உட்கார்ந்திருக்கும். தரையில நிக்கும்போது அது எந்தப் பக்கம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? போன மாசம் ஒரே டயர்ல நாலு எடுத்தேன்.

இதுக்கெல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்.

இத்தோட நிறுத்திக்கோங்கன்னுதான் நான் சொல்லுவேன். கோனை இறுக்கறது வேற கை. அதுக்குன்னு கொக்கி ஸ்பேனர் இருக்கு. எங்க ஊர்ப் பசங்க உளியையும் சுத்தியலையும் வெச்சு அடிச்சு இறுக்கிருவாங்க. ஆட்டம் போயிருச்சுன்னு சந்தோசம். ஆனா அளவுக்கு மீறி இறுகினா வண்டி மெதுவாப் போகும்போது நேராப் போகாது, குடிச்சவன் மாதிரி இப்படி அப்படித் தள்ளாடும். குண்டும் சீக்கிரம் செத்துரும். கோன் செட்டு மாத்தச் சில நூறு ரூவாதான் ஆகும், தெரிஞ்ச ஆள்கிட்ட விடுங்க. ஆனா போகும்போது "வண்டியைக் கொஞ்சம் பாருங்க"ன்னு விடாதீங்க. "தூக்கிப் பார்த்தேன், கோன்ல ஆட்டம் இருக்கு, நடுவுல உட்காருது"ன்னு சொல்லுங்க. மெக்கானிக் உங்களைப் பார்க்கிற பார்வையே வேற மாதிரி இருக்கும். பில்லுல பாலிஷ் வரி குறையும்.

சக்கரத்தைக் கழட்டித்தான் ஆகணும்னு இருந்தா ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. டிரம் பிரேக் வண்டியில, பிரேக் தட்டுல ஒரு காடி இருக்கும், ஃபோர்க் கால்ல ஒரு முட்டு இருக்கும். மாட்டும்போது அந்தக் காடிக்குள்ள இந்த முட்டு உட்கார்ந்தாகணும். உட்காரலைன்னாலும் சக்கரம் சுத்தும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஓடற ஓட்டத்துல முன் பிரேக்கை அழுத்தின அந்த நொடி தட்டு சக்கரத்தோட சேர்ந்து சுத்தி, கேபிளைச் சுருட்டி, சக்கரத்தை இறுக்கிப் பிடிச்சிரும். டிஸ்க் பிரேக்கா இருந்தா, சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீங்க, பிஸ்டன் வெளியே தள்ளிரும். வீட்டுல குழந்தைங்க இருந்தா அதைத்தான் முதல்ல அழுத்தும், சொல்லி வெக்கணும்.

இப்ப எனக்குக் கோபம் வர்ற விசயத்துக்கு வரேன். திருப்பூர்ல வேலை பார்க்கிற என் பையன் போன வருசம் புது வண்டி எடுத்தான். நானும் கூடப் போனேன். பளபளன்னு நிக்குது. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "டபுள் ஸ்டாண்டு எங்கே தம்பி?"ன்னு கேட்டேன். "இந்த மாடலுக்கு வராதுங்க சார், இப்பெல்லாம் யாரும் கேக்கறதும் இல்லை"ன்னார் அந்தத் தம்பி. என் பையன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். அப்பா மானத்தை வாங்கறார்னு அவனுக்குத் தோணியிருக்கும்.

ஸ்டாண்டு வெக்காததுக்குக் காரணம் இல்லாம இல்லீங்க. எடை குறையும், குழியில அடி தட்டாது, அடியில சைலன்சர் போற வண்டிக்கு இடமே இருக்காது. ரேஸ் வண்டி மாதிரி இருக்கறதுக்கு அது சரி. ஆனா தினம் வேலைக்குப் போய் வர்ற வண்டிக்கு என்ன கேடு? பின்னால உட்கார்றவங்களுக்குக் கைப்பிடி வேணும், சேலை சிக்காம இருக்கச் சக்கரத்துக்கு மறைப்பு வேணும்னு நம்ம மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. 2019 ஏப்ரல்ல 125 சிசிக்கு மேல போற புது வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயமாச்சு, அதுக்குக் கீழ இருக்கறதுக்கு ரெண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற பிரேக்காவது இருக்கணும்னு அப்ப விதி வந்துச்சு. நல்லதுதான். அந்த பிரேக்கோட வேகம் பூரா இறங்கற கோன் செட்டை வீட்டுல தூக்கிப் பார்க்க ஒரு ஸ்டாண்டு மட்டும் யாருக்கும் தேவைப்படலை. கேக்கறவன் இல்லைன்னா வெக்கறவனும் இல்லை. அடுத்து வண்டி எடுக்கப் போறவங்க தயவு பண்ணிக் கேளுங்க. சில வண்டிக்குத் தனியாக் காசு கொடுத்தா மாட்டித் தருவாங்க.

ஸ்டாண்டு இல்லாத வண்டியை எப்படித் தூக்கறதுன்னு என் பையன் ஃபோன்ல கேட்டான். சைடு ஸ்டாண்டுல சாய்ச்சு, மறுபக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கற வீடியோ ஒண்ணு அனுப்பியிருந்தான். ரெண்டு கால்ல நிக்கிற ஆட்டுக்குட்டி மாதிரி வண்டி நடுங்கிட்டு நிக்குது. அதைச் செய்யாதேன்னு சொல்லிட்டேன். பின் சக்கரத்தை ரெண்டு பக்கமும் தாங்கற பேடாக் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கி, வண்டியை நேரா நிறுத்து. அப்புறம் எஞ்சினுக்கு அடியில பலகையும் ஜாக்கியும். தனியாச் செய்யாதே, ரூம்ல கூட இருக்கிற பையனைக் கூப்பிட்டு வண்டியைப் பிடிச்சுக்கச் சொல். உன் வண்டி என் வண்டி மாதிரி இல்லை. புல்லட் வெச்சிருக்கிற உன் சிநேகிதன்கிட்ட இன்னும் பதனமாச் சொல்லு. கிளாசிக் 350ன்னா 195 கிலோ, கால் மேல விழுந்தா நகத்தோட போகாது.

டவுன்ல இருக்கிறவங்க ஒரு நியாயம் சொல்லுவாங்க. "நாங்க அபார்ட்மென்ட்ல இருக்கோம், பார்க்கிங்ல இதெல்லாம் விட மாட்டாங்க. அதுக்குத்தான் சர்வீஸ் சென்டர் இருக்கே, காசு கொடுக்கறோமே." நியாயம்தான். எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்க முடியாது. நான் பல்லை நானே பிடுங்கிக்கறது இல்லை. ஆனா பல்லு வலிக்குதுன்னு எனக்குத் தெரியுது. வண்டிக்கு வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சர்வீஸ் விட்ட அன்னைக்கு, டெலிவரி எடுக்கும்போது, "முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு தடவை என் முன்னால ஆட்டிக் காட்டுங்க"ன்னு கேக்கலாமில்ல? அங்கே லிஃப்ட் இருக்கு, ஆள் இருக்கு, ரெண்டு நிமிசம் ஆகாது. முறைப்பாங்க. முறைச்சா முறைக்கட்டும். என் தம்பி வண்டியைக் கொண்டு போய்க் கேட்டப்போ என்னையும் முறைச்சாங்க.

தம்பிக்கு இன்னும் குளிர்காலத்துல தோள்பட்டை வலி இருக்கு. பால் கேன் தூக்கும்போது இடது கையை மாத்திப் பிடிக்கறான். நேத்து ராத்திரி வந்து திண்ணையில உட்கார்ந்தவன், மழை எப்போ, மஞ்சள் என்ன விலைன்னு எல்லாம் பேசிட்டு, எந்திரிக்கும்போது, "அண்ணா, ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டாரட்டுமா? சத்தம் ஒண்ணும் இல்லை, சும்மாதான்"ன்னான்.

"நாளைக்கே கொண்டா"ன்னேன்.

வேலங்கட்டையைத் தேடினா காணோம். என் வீட்டுக்காரி அதைக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டு வெச்சிருக்கா.